இரவு இரண்டு மணிக்கு ஓடிய நீர்: கட்டடப் பராமரிப்பு பற்றிய வாசகர் கேள்வி பதில்

கட்டி முடித்த கட்டடங்களைப் பேணுவதற்கு டிஜிட்டல் கட்டட மாதிரிகளையும் வலையமைப்பில் இணைந்த உணரிகளையும் எவ்வாறு பயன்படுத்தலாம் என்று சென்ற இதழில் சுருக்கமாக எழுதியிருந்தேன். அதைப் படித்துத் திருகோணமலை நகரிலிருந்தும் சுற்றியுள்ள ஊர்களிலிருந்தும் பலர் கடிதம் எழுதியிருக்கிறார்கள். ஒரே விடயத்தைக் கேட்ட கடிதங்களை ஒன்றாக்கி, கேட்டவர்களின் பெயர்களை விடுத்து, ஊரையும் தொழிலையும் மட்டும் குறிப்பிட்டுப் பதில் தருகிறேன்.

விடுதி முகாமையாளர், உப்புவெளி: அம்மா, எங்கள் கடற்கரை விடுதியில் 24 அறைகள் உள்ளன. கொழும்பிலிருந்து வந்த ஒரு நிறுவனத்தார் விடுதிக்கு ‘டிஜிட்டல் இரட்டை’ செய்து தருவதாகக் கூறிப் பெருந்தொகைக்கு விலைமனு தந்துள்ளார்கள். திரையில் விடுதி முழுவதும் சுழன்று சுழன்று மிக அழகாகத் தெரிந்தது. அது என்ன? எங்களுக்கு அது தேவைதானா?

திரையில் சுழல்வது இதில் மிகச் சிறிய பகுதி. வழக்கமான வரைபடத்தில் ஒரு கதவு என்பது சில கோடுகள் மட்டுமே; அவற்றைக் கதவென்று விளங்கிக்கொள்வது நமது கண். டிஜிட்டல் கட்டட மாதிரியில் கதவு கதவாகவே பதியப்படுகிறது. அதன் அகலம், அது நிற்கும் சுவர், அது திறக்கும் அறை, பூட்டின் வகை, உத்தரவாதம் முடியும் திகதி ஆகிய யாவும் அதனோடு சேர்ந்தே இருக்கும். கோடுகளை வரைவதற்குப் பதிலாகக் கட்டடத்தின் உறுப்புகளையே கணினியில் பதியலாம் என்ற கருத்தை அமெரிக்க ஆய்வாளர் சார்ல்ஸ் ஈஸ்ற்மன் 1975 இலேயே எழுதிவிட்டார். அவ்வாறான மாதிரியோடு கட்டடத்தில் பொருத்திய உணரிகள் அனுப்பும் அளவீடுகளையும் இணைத்து, இந்த நிமிடத்தில் 12 ஆம் அறையின் குளிரூட்டி எப்படி ஓடுகிறது என்பதை மாதிரியிலேயே பார்க்க முடிந்தால், அதனை டிஜிட்டல் இரட்டை என்கிறார்கள்.

உங்களுக்கு முதலில் தேவைப்படுவது அந்தப் படமன்று, அதன் அடியில் இருக்கவேண்டிய பதிவேடு. சில ஆண்டுகளுக்கு முன்னர் உங்கள் விடுதியைப் போன்ற ஒன்றின் பின்புறத்தில், குளிரூட்டியின் வெளி அலகு ஒன்றின் முன்னால் முழந்தாளிட்டு அதன் பெயர்த்தகட்டை வாசிக்க முயன்றேன். கடற்காற்றில் எழுத்துகள் வெளுத்துப்போயிருந்தன. கைப்பேசி விளக்கைச் சரிவாகப் பிடித்து, விரலால் தடவிப் பார்த்து, மாதிரி இலக்கத்தின் கடைசி இரண்டு எழுத்துகளை ஊகித்து எழுதிக்கொண்டேன். ஊகம் பிழைத்துவிட்டது. கொழும்பிலிருந்து வந்த மின்சுற்றுப் பலகை பொருந்தாமல், அந்த அறை மேலும் ஒன்பது நாட்கள் பூட்டிக்கிடந்தது. பொருத்திய நாளில் எவரேனும் அந்த இலக்கத்தை ஒரு தாளில் எழுதிவைத்திருந்தால் அந்த ஒன்பது நாட்களின் வருமானம் போயிராது. இது நம்மிடம் மட்டும் உள்ள குறையன்று. கட்டடத் தகவல்கள் ஒரு கணினி முறையிலிருந்து இன்னொன்றுக்குச் சரியாகச் செல்லாமையால் அமெரிக்காவில் 2002 ஆம் ஆண்டில் 15.8 பில்லியன் டொலர் வீணானது என்று அந்நாட்டின் தேசிய நியமங்கள், தொழினுட்ப நிறுவகம் 2004 இல் மதிப்பிட்டது. அந்த இழப்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கைச் சுமந்தவர்கள் வடிவமைத்தவர்களோ கட்டியவர்களோ அல்லர். கட்டடத்தை வைத்திருந்து நடத்துகிறவர்களே.

ஆகவே, பணம் செலவழிக்கும் முன்னர் இரண்டு வாரங்கள் ஒதுக்கி, குளிரூட்டிகள், நீர்ப்பம்பிகள், மின்பிறப்பாக்கி, நீர்ச்சூடாக்கிகள், பிரதான மின்பலகைகள் ஆகிய ஒவ்வொன்றுக்கும் ஓர் இலக்கம் கொடுங்கள். சீனக்குடாவிலுள்ள 99 எண்ணெய்த் தாங்கிகளும் இலக்கங்களாலேயே அறியப்படுகின்றன. எந்தத் தாங்கியைப் பற்றிப் பேசுகிறோம் என்பதில் எவருக்கும் ஐயம் எழுவதில்லை. உங்கள் வளவிலுள்ள இயந்திரங்களுக்கும் அந்தத் தெளிவு வேண்டும். இலக்கத்தைத் தாளில் அச்சிட்டு ஒட்டினால் ஒரு மாரிகூடத் தாங்காது. துருப்பிடிக்காத உருக்குத் தகட்டில் பொறித்து, அதே உலோகத்தாலான கம்பியால் கட்டுங்கள். பிறகு எக்செல் தாளில் இலக்கம், இடம், மாதிரி இலக்கம், வாங்கிய திகதி, கடைசியாகப் பழுதுபார்த்த திகதி, பழுதுபார்த்தவரின் தொலைபேசி என்று ஆறு நிரல்கள் போதும்.

இதற்குப் பின்னரும் அந்த நிறுவனத்தாரோடு பேச விரும்பினால், மாதிரியை ஐஎஃப்சி என்னும், வெவ்வேறு மென்பொருள்களில் திறக்கக்கூடிய பொதுக் கோப்பு வடிவத்தில் எங்கள் கையில் தருவீர்களா என்றும், அடுத்த ஆண்டு ஓர் அறையின் சுவரை இடித்தால் மாதிரியில் அந்த மாற்றத்தை யார், எவ்வளவு கட்டணத்துக்குச் செய்வார் என்றும் கேளுங்கள். இவ்விரண்டுக்கும் எழுத்தில் பதில் வராவிட்டால் கையொப்பமிட வேண்டாம். இன்று சரியாக இருக்கும் மாதிரி, இரண்டு திருத்த வேலைகளுக்குப் பிறகு எவரும் தொடாமல் விடப்பட்டால், அதனை நம்பிச் சுவரைத் துளைக்கிறவருக்கு ஆபத்தாகவே முடியும்.

மாணவர் விடுதிப் பொறுப்பாளர், மூதூர்: எங்கள் விடுதியில் நிலத்தடித் தொட்டியிலிருந்து மேல்தாங்கிக்கு ஒரு குதிரைவலுப் பம்பியால் நீரேற்றுகிறோம். இவ்வாண்டில் பம்பி இரண்டு தடவை எரிந்துவிட்டது. நீர்க் கட்டணமும் கூடிவருகிறது. எந்த உணரியை முதலில் வாங்கவேண்டும்?

ஓர் உணரி ஓர் எண்ணைத் தரும். அந்த எண்ணைக் கண்டதும் எழுந்து சென்று என்ன செய்வீர்கள் என்பதற்கு விடை இருந்தால் மட்டும் அந்த உணரியை வாங்குங்கள். உங்கள் நிலைமையில் மூன்று எண்களுக்கு அவ்விடை இருக்கிறது: பம்பி எடுக்கும் மின்னோட்டம், தாங்கியின் நீர்மட்டம், பிரதான குழாயின் நீரோட்டம்.

பம்பி எரிவதுதான் அவசரமானது என்பதால் மின்னோட்டத்திலிருந்து தொடங்குவோம். வடத்தைக் கவ்வும் வளைய வடிவ உணரியைப் பயன்படுத்தினால் எந்தக் கம்பியையும் வெட்டவேண்டியதில்லை. ஆனால் அதனை ஒரு கம்பியைச் சுற்றி மட்டும் மாட்ட வேண்டும். போகும் கம்பியையும் திரும்பும் கம்பியையும் சேர்த்துக் கவ்வினால் ஒன்றையொன்று ஈடுசெய்து பூச்சியத்தையே காட்டும். பலர் உணரி பழுது என்று திருப்பிக் கொடுப்பது இதனாலேயே. ஒரு குதிரைவலு என்பது 746 வாற்று. மோட்டரின் இழப்புகளையும் சேர்த்தால் 230 வோற்றில் அத்தகைய பம்பி வழக்கமாக 5 அல்லது 6 அம்பியர் எடுக்கும். தொட்டியில் நீர் வற்றிப் பம்பி வெறுமனே சுழன்றால் அந்த எண் நன்றாக இறங்கும். உள்ளே ஏதேனும் சிக்கினாலோ, மாலை வேளைகளில் மின்னழுத்தம் குறைந்தாலோ ஏறும். முதல் வாரம் எந்த எச்சரிக்கையும் வைக்காமல் எண்களை மட்டும் பதிந்து, உங்கள் பம்பியின் இயல்பு எது என்று அறிந்த பின்னர் மேலெல்லையையும் கீழெல்லையையும் வையுங்கள். எல்லை தாண்டினால் பம்பியை நிறுத்தும் வேலையைப் பம்பிக்கு அருகிலுள்ள கருவியே செய்யவேண்டும். இணையம் வழியாக வெளிநாட்டுச் சேவையகத்துக்குச் சென்று திரும்பிவரும் கட்டளையை நம்பக்கூடாது; இணைப்பு அறுந்த நாளில்தான் பம்பியும் எரியும்.

நீர்மட்டத்துக்குத் தாங்கியின் மூடியில் பொருத்தும் மீயொலி உணரிகள் மலிவானவை. வெயிலில் சூடாகும் பிளாஸ்ரிக் தாங்கியில் மூடியின் உட்புறம் நீராவி படிந்து துளிகள் தொங்கும்போது அவை தடுமாறும். மலிவான வகைகள் தமக்குக் கீழே 20 சென்ரிமீற்றருக்குள் வரும் நீரை அளக்கவும் மாட்டா, அதாவது தாங்கி நிரம்பும் வேளையில்தான் பிழைவிடும். சற்று விலை கூடினாலும் அடியில் அமிழ்த்தும் அழுத்த உணரியையே நான் பரிந்துரைக்கிறேன்.

நீரோட்டத்தைப் பற்றி ஓர் அனுபவம். ஒரு மாணவர் விடுதியின் பிரதான குழாயில் ஒவ்வொரு லீற்றருக்கும் ஒரு துடிப்பை அனுப்பும் நீர்மானியைப் பொருத்தியிருந்தோம். பகல் எண்களில் எதுவும் புரியவில்லை. மூன்றாம் நாள், இரவு இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் இடைப்பட்ட எண்களை மட்டும் எடுத்துப் பார்த்தேன். பிள்ளைகள் எல்லோரும் உறங்கும் அந்த நேரத்திலும் நிமிடத்துக்கு ஒன்றரை லீற்றர் ஓடிக்கொண்டிருந்தது. நாளுக்கு 2160 லீற்றர், மாதத்துக்கு 64,800 லீற்றர். கச்சான் காற்று வீசி வளவு முழுவதும் காய்ந்து கிடந்த காலம் அது. சமையலறைக்குப் பின்னால் ஒரு பாய் விரிக்கும் அளவு இடத்தில் மட்டும் புல் பச்சையாக நின்றது. நாங்கள் எல்லோரும் அந்தப் புல்லைத் தினமும் கடந்துதான் சென்றோம். எண்ணைக் கண்ட பிறகே அது கண்ணில் பட்டது. அவ்வாறிருந்தும், குழாய் எந்த வழியாகச் செல்கிறது என்று காட்டும் வரைபடம் இல்லாமையால் நான்கு இடங்களில் தோண்டினோம். நான்காவது குழியில்தான் வெடித்த மூட்டைக் கண்டோம். மண்ணை மூடுவதற்கு முன்னர் கட்டடத்தின் இரண்டு மூலைகளிலிருந்து அந்த மூட்டுக்கு உள்ள தூரங்களை அளந்து, ஆழத்தையும் எழுதி, அளவுநாடா தெரியும்படி படமெடுத்துக்கொண்டோம். அந்த விடுதியின் கட்டட மாதிரி அந்தக் குழியிலிருந்துதான் தொடங்கியது. உங்களுடையதும் அப்படித் தொடங்கலாம்.

எச்சரிக்கைச் செய்தி ஒரு குழுவுக்கு அன்றி ஒருவருக்குச் செல்லட்டும். அவர் அரை மணி நேரத்தில் பார்க்காவிட்டால் மட்டும் இரண்டாமவருக்குச் செல்லட்டும். குழுவுக்கு வரும் செய்தியை மற்றவர் பார்த்திருப்பார் என்றே ஒவ்வொருவரும் எண்ணிவிடுகிறார்கள்.

தாதி, தனியார் மருத்துவ நிலையம், கிண்ணியா: தடுப்பூசிகள் வைக்கும் குளிர்சாதனப் பெட்டியின் வெப்பநிலையைக் காலையிலும் மாலையிலும் கையால் எழுதிவருகிறோம். உணரி வைத்தால் எழுதுவதை நிறுத்தலாமா?

நிறுத்தவேண்டாம். காலையில் ஒரு மனிதர் பெட்டியைத் திறந்து பார்ப்பதால் கிடைக்கும் பயன் வெப்பநிலையை மட்டும் பொறுத்ததன்று. கதவின் இறப்பர் விளிம்பு கிழிந்திருப்பதையும் உறைபனி கட்டியிருப்பதையும் அவர் கண்டுகொள்கிறார்.

எனினும் உணரி அவசியம், ஏனெனில் ஆபத்து இரவில் வருகிறது. பெரும்பாலான தடுப்பூசிகளை 2 பாகைக்கும் 8 பாகை செல்சியஸுக்கும் இடையில் வைக்கவேண்டும் என்பதை நீங்கள் அறிவீர்கள். மின்தடையால் வெப்பநிலை ஏறுவதையே எல்லோரும் அஞ்சுகிறார்கள். ஆனால் ஏற்புவலி, கல்லீரல் அழற்சி பி போன்ற நோய்களுக்கான, அலுமினிய உப்புச் சேர்ந்த ஊசிமருந்துகள் உறைந்தால் அவற்றின் வலு கெட்டுவிடும், மீண்டும் உருகியபின் திரும்பவும் மாட்டாது. ஆகவே கீழெல்லைக்கும் அதே கவனத்துடன் எச்சரிக்கை வையுங்கள். உணரியின் முனையை வெறுமனே காற்றில் தொங்கவிட்டால் கதவைத் திறக்கும் ஒவ்வொரு தடவையும் எண் துள்ளி, நாளுக்குப் பத்துத் தடவை வீணாக எச்சரிக்கை ஒலிக்கும். முனையை கிளைக்கோல் என்னும் திரவம் நிரப்பிய சிறு குப்பியில் அமிழ்த்தி வைத்தால், மருந்துக் குப்பியின் உள்ளே இருக்கும் வெப்பநிலைக்கு நெருக்கமான எண் கிடைக்கும்.

கடைகளில் பரவலாகக் கிடைக்கும் மலிவான எண்முறை உணரிகள் அரைப் பாகை கூடவோ குறையவோ காட்டலாம். அதனால் எல்லைகளை 2 என்றும் 8 என்றும் வைக்காமல் 2.5 என்றும் 7.5 என்றும் வையுங்கள். ஆண்டுக்கு ஒரு தடவை, உருகும் பனிக்கட்டியும் நீரும் கலந்த கோப்பையில் முனையை வைத்து அது பூச்சியத்தைக் காட்டுகிறதா என்று பாருங்கள். இன்னொன்று: உணரியும் வைபை பெட்டியும் குளிர்சாதனப் பெட்டியோடு ஒரே மின்னிணைப்பில் இருந்தால், மின் போகும்போது மூன்றும் சேர்ந்தே அணைந்துவிடும். 2022 இல் பல மணி நேர மின்வெட்டுகளை அனுபவித்த நமக்கு இதை விளக்கத் தேவையில்லை. இரண்டுக்கும் தனிப் பற்றரி வேண்டும்.

பழைய வீட்டை அலுவலகமாக நடத்துபவர், உள்துறைமுக வீதி: சுவர்கள் இரண்டு அடிக்கு மேல் தடிப்பு. வைபை உணரிகள் அடுத்த அறைக்கே எட்டவில்லை. சுவரைத் துளைக்கவும் மனமில்லை.

துளைக்க வேண்டாம். கல்லும் சுண்ணாம்பும் கொண்ட தடித்த சுவர் வைபையின் அலைகளைப் பெரிதும் விழுங்கிவிடும். லோரா என்னும் கம்பியில்லாத் தொடர்பு முறை குறைந்த அதிர்வெண்ணில், மிகச் சிறிய செய்திகளை மெதுவாக அனுப்புவதால் அத்தகைய சுவர்களை நன்றாகவே ஊடுருவும். கால் மணிக்கு ஒரு தடவை மட்டும் பேசும் உணரி ஒரு பற்றரியில் பல ஆண்டுகள் ஓடும். படமோ ஒலியோ அதில் அனுப்ப இயலாது. வெப்பநிலை, ஈரப்பதன், கூரைக் கசிவு ஆகியவற்றுக்கு அது போதும்.

விடுதி உரிமையாளர், நிலாவெளி: போன ஆண்டு பொருத்திய 16 உணரிகளில் பாதிக்கு மேல் இறந்துவிட்டன. பொருள் மட்டமா, எங்கள் காற்று கெட்டதா?

உங்கள் காற்றை அறியாமல் வாங்கியதே காரணமாக இருக்கவேண்டும். கடலோரக் காற்றிலுள்ள உப்புத் துகள் ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டு மின்சுற்றுப் பலகையின் செம்புக் கோடுகளை அரிக்கிறது. இறந்த உணரி ஒன்றைத் திறந்து பாருங்கள், இணைப்புகளில் பச்சை நிறப் படிவு தெரியும். பெட்டியில் ஐபி65 என்ற குறி இருந்தால் தூசியும் பீச்சும் நீரும் உள்ளே புகா. ஆனால் வடம் நுழையும் துளையை அடைக்காமல் விட்டால் அந்தக் குறியால் பயனில்லை. பலகைக்குப் பாதுகாப்புப் பூச்சு இட்டிருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். வெளிச்சுவரில் வைக்கவேண்டியவற்றைக் கடலைப் பார்த்த பக்கத்தில் வைக்காதீர்கள். வடம் கீழிருந்து பெட்டிக்குள் நுழையட்டும்.

இறந்த உணரி உங்களை ஏமாற்றாது. அது பேசாமல் இருப்பதே ஓர் அறிவிப்பு. உயிரோடு இருந்துகொண்டு பிழையான எண்ணைத் தரும் உணரியைப் பற்றியே எனக்குக் கவலை. ஈரப்பதன் உணரிகள் உப்புக் காற்றில் மெல்ல மெல்ல விலகும். காபனீரொட்சைட்டு உணரிகளில் பல, ஒரு வாரத்தில் ஒரு தடவையாவது அறை முழுதும் காலியாகி வெளிக்காற்றின் அளவுக்கு, அதாவது மில்லியனில் 400 பங்குக்கு அருகில் இறங்கும் என்று எடுத்துக்கொண்டு தம்மைத் தாமே திருத்திக்கொள்கின்றன. இரவும் பகலும் ஆட்கள் இருக்கும் வரவேற்பறையில் அது நடப்பதேயில்லை என்பதால், மூச்சுமுட்டும் காற்றையே நல்ல காற்றென்று நாளடைவில் அது பழகிக்கொள்ளும். அத்தகைய இடத்தில் தானாகத் திருத்தும் வசதியை நிறுத்திவிட்டு, ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வெளியே கொண்டுபோய்த் திருத்துங்கள்.

உங்கள் குளிரூட்டிகளுக்கு மிக எளிய ஓர் அளவீட்டையும் சொல்கிறேன். உள்ளே இழுக்கும் காற்றின் வெப்பநிலைக்கும் ஊதும் காற்றின் வெப்பநிலைக்கும் வழக்கமாக 8 முதல் 12 பாகை வரை வேறுபாடு இருக்கும். வாரந்தோறும் அந்த வேறுபாடு சுருங்கிக்கொண்டே வந்தால், வெளி அலகின் தகடுகளில் உப்புப் படிகிறது, அல்லது வாயு கசிகிறது. உப்பென்றால், விருந்தினர் முறைப்பாடு செய்வதற்கு முன்னரே நன்னீரால் கழுவிவிடலாம்.

தொழினுட்ப உத்தியோகத்தர், உவர்மலை: புதிய கட்டடம் ஒன்றைப் பொறுப்பேற்றோம். ஒப்பந்தகாரர் மாதிரியைத் தயாரித்தே கட்டினார். ஆனால் எங்களிடம் தந்தது பிடிஎஃப் வரைபடங்களும் இரண்டு பெட்டி நிறையக் கையேடுகளும் மட்டுமே. மாதிரியைக் கேட்டால் அது தமது சொத்து என்கிறார். உணரிகளின் தரவும் அவரது கணக்கிலேயே சேர்கிறது.

இதே நிலையில் நானும் ஒரு தடவை நின்றிருக்கிறேன். ஒப்பந்தத்தில் எழுதாததைப் பொறுப்பேற்கும் நாளில் கேட்டுப் பெற முடியாது என்பதை அன்று கசப்போடு கற்றேன். அடுத்த கட்டடத்துக்கேனும், விலைமனு கோரும் ஆவணத்திலேயே எந்தத் தகவல், எந்த வடிவத்தில், எந்த நாளில் வேண்டும் என்று எழுதிவிடுங்கள். கட்டடத்தை நடத்தும் காலத்துக்கான தகவல் முகாமைத்துவத்தைப் பற்றி ஐஎஸ்ஓ 19650 என்னும் சர்வதேச நியமத்தின் மூன்றாம் பகுதி 2020 இல் வெளிவந்தது. உரிமையாளர் தமக்கு வேண்டிய தகவலைத் தாமே முன்கூட்டி வரையறுக்கவேண்டும் என்பதுதான் அதன் அடிப்படை. முழு மாதிரியையும் தர மறுக்கிறவரிடம்கூட, இயந்திரங்கள், அறைகள், உத்தரவாதங்கள், உதிரிப்பாகங்கள் ஆகியவற்றை அட்டவணையாகத் தரும் கோபி என்னும் வடிவத்தைக் கேட்கலாம். அது எக்செல்லில் திறக்கும், நாளாந்த வேலைக்கு முப்பரிமாணப் படத்தைவிட அதுவே உங்களுக்கு உதவும். உங்கள் ஒப்பந்தத்தின் இறுதிக் கொடுப்பனவு இன்னும் எஞ்சியிருந்தால் இப்போதே எழுத்தில் கேளுங்கள்.

சிட்னி ஒப்பேரா மண்டபத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1973 இல் திறக்கப்பட்ட அக்கட்டடத்தின் பராமரிப்புக்குக் கட்டட மாதிரியைப் பயன்படுத்துவது பற்றிய ஆய்வு 2007 இல் வெளியானது. கட்டி முப்பது ஆண்டுகள் கடந்த பின்னரும் மாதிரியை உருவாக்கிப் பயன் காண இடமுண்டு என்றால், சென்ற ஆண்டு கட்டிய உங்கள் கட்டடத்துக்கு எதுவும் கைநழுவிவிடவில்லை.

தரவு விடயத்தில் மட்டும் தாமதிக்க வேண்டாம். கணக்கு உங்கள் நிறுவனத்தின் பெயருக்கு மாறவேண்டும், கருவிகளோடு வந்த கடவுச்சொற்கள் அனைத்தும் மாறவேண்டும், ஒப்பந்தகாரருக்குக் கொடுத்த தொலைவழி நுழைவு வேலை முடிந்ததும் மூடப்படவேண்டும். அமெரிக்காவின் டார்கெட் அங்காடிகளில் 2013 இன் இறுதியில் சுமார் 40 மில்லியன் கடன், பற்று அட்டைகளின் விபரங்கள் திருடப்பட்டபோது, திருடர்கள் முதலில் நுழைந்தது குளிரூட்டல் வேலைகளைச் செய்துவந்த ஓர் ஒப்பந்தகாரரின் நுழைவுச் சொல்லைக் கைப்பற்றித்தான். அறையில் ஆள் இருக்கிறாரா என்று அறியும் உணரிகளை வைத்திருந்தால், எந்த உத்தியோகத்தர் எப்போது வந்தார், எப்போது எழுந்து போனார் என்பதும் அதில் பதிவாகிறது. அது தனிப்பட்ட தரவாக மாறும் இடம். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நம் நாட்டில் இருக்கிறது. விளக்கை அணைப்பதற்காகத் திரட்டிய தரவை வரவுப் பதிவேட்டுக்குப் பயன்படுத்தாதீர்கள், பணியாளருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

மாணவி, கன்னியா: இத்துறையைப் பணம் செலவழிக்காமல் கற்க வழி உண்டா?

உண்டு, மகள். பிளெண்டர் என்னும் முப்பரிமாண மென்பொருளும் அதனோடு இணையும் பொன்சாய் என்னும் செருகுநிரலும் இலவசம். ஐஎஃப்சி கோப்புகளை அதிலேயே திறக்கவும் திருத்தவும் முடியும். உணரிப் பக்கத்துக்கு ஈஎஸ்பி32 என்னும் சிறு கணினிப் பலகை ஒன்றும் வெப்பநிலை உணரி ஒன்றும் போதும். முதல் வேலையாக உங்கள் வீட்டை அளவுநாடாவால் அளந்து மாதிரியாக்குங்கள். சுவர்கள் செங்கோணத்தில் இல்லை என்பதைக் கண்டதும் மென்பொருள் சொல்லித்தராத பலவற்றை அளவுநாடா கற்றுத்தரும்.

பராமரிப்புப் பணியாளர், பாலையூற்று: அம்மா, நான் 31 ஆண்டுகளாக ஒரே நிறுவனத்தில் குழாய், மின் வேலைகளைப் பார்த்துவருகிறேன். அடுத்த ஆண்டு ஓய்வு பெறுகிறேன். இளம் உத்தியோகத்தர் ஒருவர் வந்து எல்லாவற்றிலும் உணரி பொருத்துகிறார். பம்பியில் கையை வைத்தாலே அதன் நோய் எனக்குத் தெரியும். ஆனால் எவரும் என்னிடம் ஒன்றும் கேட்பதில்லை. இனி எங்களைப் போன்றவர்களுக்கு இடமில்லையா?

ஐயா, உங்கள் கடிதத்தை இரண்டு தடவை வாசித்தேன். பம்பியின் தாங்குருளை தேயும்போது எழும் அதிர்வை உங்கள் உள்ளங்கை உணர்கிறது; அதே அதிர்வை இப்போது ஓர் உணரியும் அளக்கிறது. அது இரவிலும் விழித்திருக்கும், அதுவே அதன் சிறப்பு. ஆனால் அதிர்வு கூடியிருக்கிறது என்பதற்கு அப்பால் அதற்கு ஒன்றும் தெரியாது. அடித்தள ஆணி தளர்ந்ததா, உறிஞ்சு குழாயில் காற்றுப் புகுந்ததா, போன வாரம் யாரோ மாற்றிய இணைப்பு கோணலாக நிற்கிறதா என்பதைச் சென்று பார்த்துச் சொல்ல உங்களைப் போன்ற ஒருவர் வேண்டும். உணரிகள் கூடக்கூட, சென்று பார்க்க வேண்டிய தடவைகளும் கூடும்.

உங்களிடம் எவரும் கேட்கவில்லை என்பது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தருகிறது, ஏனெனில் எந்த மாதிரியிலும் இல்லாதது உங்கள் நினைவில் இருக்கிறது. மண்ணுக்கடியில் புதைந்த வால்வு எங்கே, மின்பலகையில் ‘களஞ்சியம்’ என்று எழுதிய ஆளி உண்மையில் எந்த அறைக்கு, வாடைக்காற்றோடு மழை அடித்தால் எந்தச் சாளரத்தின் மேல் விளிம்பால் நீர் இறங்கும், எந்தச் சுவருக்குள் பழைய வடம் இன்னும் மின்னோடு கிடக்கிறது என்பதையெல்லாம் நீங்கள் ஓய்வு பெறும் நாளில் அந்த நிறுவனம் இழந்துவிடும். அதைத் தடுக்கும் பொறுப்பு உங்கள் மேலதிகாரிகளுடையது. ஆனாலும் அவர்கள் கேட்கும் வரை காத்திருக்காமல் நீங்களே தொடங்கிவிடுங்கள்.

அந்த இளம் உத்தியோகத்தரை வாரத்தில் ஒரு பிற்பகல் உங்களோடு நடக்க அழையுங்கள். ஒவ்வோர் இடத்திலும் நீங்கள் சொல்லுங்கள், அவர் கைப்பேசியில் உங்கள் குரலைப் பதியட்டும். கட்டடத்தின் அசையாத இரண்டு மூலைகளிலிருந்து தூரத்தை அளந்து, நாடா தெரியும்படி படமெடுத்து, மாதிரியில் சேர்க்கட்டும். ஒவ்வொரு பதிவிலும் ‘தகவல் தந்தவர்’ என்று ஒரு கட்டம் வைத்து அதில் உங்கள் பெயரை எழுதச் சொல்லுங்கள்; பத்து ஆண்டுகள் கழித்து ஐயம் எழும்போது, இது அளந்து அறிந்ததா, ஊகித்ததா, அந்த இடத்தில் 31 ஆண்டுகள் வேலை செய்தவர் சொன்னதா என்று தெரிவது பின்னால் வருகிறவர்களுக்கு மிக அவசியம். இளைஞர் மறுக்கமாட்டார் என்றே நம்புகிறேன். உணரி பொருத்தும் எவருக்கும் முதல் மாதத்திலேயே இந்தத் தகவல்களின் பெறுமதி தெரிந்துவிடும்.

வரிசையும் முக்கியம். நிலத்தடி வால்வுகளையும் வடிகால் மூடிகளையும் முதலில் எடுங்கள், ஏனெனில் மாரி தொடங்கி வளவில் நீர் தேங்கினால் மூடிகள் தெரியாமற்போய்விடும். ஐப்பசிக்குள் அவற்றை முடித்துவிட்டால், மின்பலகைகளையும் கட்டடத்துக்குள் உள்ளவற்றையும் மழைக்காலப் பிற்பகல்களில் ஆறுதலாகப் பார்த்துக்கொள்ளலாம்.